அழைப்பிதழ் உங்களுக்கும்தான்

வாசகர் கேள்விகளுக்கு ஓவியரின் பதில்கள்

(வரும் மாதங்களில் இந்த ஓவியரின் படைப்புகள் மூன்று முறை பொதுமக்களின் பார்வைக்கு வருகின்றன. முதலில் எண்ணெய் வண்ண ஓவியங்களின் தனிக்காட்சி. அடுத்து, நீர்வண்ணம் தீட்டும் வேறு ஆறு பேருடன் சேர்ந்து நடத்தும் குழுக்காட்சி. இறுதியாக, அவருடைய ஸ்டூடியோவை எல்லோருக்கும் திறந்துவைக்கும் இரண்டு நாள்கள். சென்ற இதழில் அவருடைய அழைப்பை வெளியிட்டு, கண்காட்சிகள் குறித்த கேள்விகளை அனுப்புமாறு கேட்டிருந்தோம். வந்தவற்றில் சில கேள்விகளும் அவர் எழுதி அனுப்பிய பதில்களும் இங்கே. – ஆசிரியர் குழு)

கேள்வி: உங்கள் அழைப்பைப் படித்தேன். வர ஆசையாக இருக்கிறது. ஆனால், எனக்கு ஓவியத்தைப் பற்றி எதுவும் தெரியாது. கண்காட்சிக் கூடம் எதற்குள்ளும் இதுவரை காலெடுத்து வைத்ததில்லை. என்னைப் போன்றவர்கள் வரலாமா? – தையல் தொழில் செய்யும் ஒரு வாசகி

பதில்: அழைப்பை எழுதும்போது என் மனத்தில் இருந்தவர் நீங்கள்தான். ஓவியத்தில் பழக்கம் உள்ளவர்கள் அழைக்காவிட்டாலும் வந்துவிடுவார்கள். வாசல் வரை வந்து, உள்ளே எட்டிப் பார்த்து, தமக்கு இங்கே இடமில்லை என்று தாமாகவே முடிவு செய்துகொண்டு திரும்பிப் போகிறவர்களை ஒவ்வொரு கண்காட்சியிலும் பார்த்திருக்கிறேன். யாருடனோ பேசிக்கொண்டிருந்ததால் எழுந்து போய் அவர்களை உள்ளே அழைக்காமல் விட்ட நாள்களை நினைத்தால் எனக்கு இன்றும் வருத்தமாக இருக்கிறது.

இந்தக் கூச்சம் உங்களுடைய குறை அன்று. நெடுங்காலம் ஓவியங்கள் அரண்மனைகளிலும் வழிபாட்டிடங்களிலும் செல்வந்தர்களின் மாளிகைகளிலும் இருந்தன. அந்த மாளிகைகளுக்குள் நுழைய முடிந்தவர்களே அங்கிருந்த ஓவியங்களைப் பார்த்தார்கள். பாரிஸில் 1737 முதல் லூவர் அரண்மனையின் சதுரக் கூடத்தில் அரசு ஓவியக் கழகம் தன் உறுப்பினர்களின் படைப்புகளைக் குறித்த காலங்களில் மக்கள் பார்வைக்கு வைக்கத் தொடங்கியபோது, அங்கே பிரபுவும் கைவினைஞரும் ஒரே ஓவியத்தின் முன் தோளோடு தோள் நிற்க நேர்ந்தது. அது அந்தக் காலத்தவருக்கு வியப்பான காட்சி. பிறகு, பிரெஞ்சுப் புரட்சியின் நடுவே, 1793 ஆகஸ்ட் 10 அன்று அதே அரண்மனை அருங்காட்சியகமாகத் திறக்கப்பட்டது. ஆக, எல்லோரும் வந்து ஓவியம் பார்க்கலாம் என்ற வழக்கத்துக்கு வயது மிகவும் குறைவு. அதற்கு முந்தைய பல நூற்றாண்டுகளின் தயக்கம் இன்னும் நம் கால்களில் ஒட்டிக்கொண்டிருக்கிறது என்றே எனக்குத் தோன்றுகிறது.

தையல் தொழில் செய்வதாக எழுதியிருக்கிறீர்கள். துணி எடை தாங்காமல் எங்கே மடியும், எந்த நிறத்துக்குப் பக்கத்தில் எந்த நிறம் எடுபடும், எது மங்கிப்போகும் என்பதையெல்லாம் உங்கள் கண் நாள்தோறும் அளந்துகொண்டிருக்கிறது. ஓவியருக்கும் முதல் பாடம் அதுதான். தனிக்காட்சியில், கொடியில் உலரும் துணிகளை வரைந்த நான்கு ஓவியங்கள் அடுத்தடுத்து மாட்டப்படும். அவற்றில் மூன்றாவதில் ஈரத்துணியின் மடிப்பு சரியாக விழுந்திருக்கிறதா என்ற ஐயம் எனக்கு இன்னும் தீரவில்லை. நீங்கள் வந்து பார்த்து, உங்களுக்குத் தோன்றுவதை என்னிடம் சொல்ல வேண்டும் என்று உண்மையாகவே விரும்புகிறேன்.

கேள்வி: உங்கள் ஓவியங்கள் பலவற்றைச் செல்பேசியிலேயே பார்த்துவிட்டேன். பெரிதாக்கிப் பார்த்தால் தூரிகைத் தடம்கூடத் தெரிகிறது. நேரில் வந்து புதிதாக எதைக் காணப்போகிறேன்? – ஒரு கல்லூரி மாணவர்

பதில்: முதலில் அளவைச் சொல்கிறேன். பிக்காசோ 1937இல் வரைந்த ‘கெர்னிகா’ ஏறத்தாழ மூன்றரை மீட்டர் உயரமும் ஏழே முக்கால் மீட்டர் அகலமும் கொண்டது. லியொனார்டோவின் ‘மோனா லிசா’ 77 சென்டிமீட்டர் உயரம், 53 சென்டிமீட்டர் அகலம். உங்கள் செல்பேசியில் இரண்டும் ஒரே உள்ளங்கைக்குள் அடங்கிவிடுகின்றன. முதலாவதன் முன் நேரில் நிற்கும்போது, ஒரு முனையில் கதறும் தாயைப் பார்க்கும் கண்ணுக்கு மறுமுனையில் கைகளை மேலே வீசி அலறும் உருவம் தெளிவாகத் தெரியாது. தலையைத் திருப்பியாக வேண்டும், சில அடிகள் நடந்தாக வேண்டும். அந்த நடையும் ஓவியத்தின் பகுதிதான். அதைத் திரை தர முடியாது.

இன்னும் தெளிவான சான்று ஒன்று உண்டு. ஹான்ஸ் ஹோல்பைன் 1533இல் வரைந்த ‘தூதர்கள்’ என்ற ஓவியம் லண்டனின் தேசிய ஓவியக் காட்சியகத்தில் இருக்கிறது. செல்வச் செழிப்பான உடையில் இருவர் நிற்கிறார்கள். அவர்களுக்கு நடுவே உள்ள அடுக்கில் பூகோள உருண்டை, வானியல் கருவிகள், நரம்பு அறுந்த இசைக்கருவி எனப் பல பொருள்கள் இருக்கின்றன. தரையில் மட்டும், எதனுடனும் ஒட்டாமல், சாய்வாக நீண்ட வெளிறிய கறைபோல ஏதோ ஒன்று. நேரே நின்று எவ்வளவு நேரம் பார்த்தாலும் அது என்னவென்று தெரியாது. ஓவியத்தின் வலப்பக்கம் போய், சுவரை ஒட்டினாற்போல் நின்று திரும்பிப் பார்த்தால், அந்தக் கறை ஒரு மண்டையோடாகக் கூடி நிற்கும். அந்த நொடியில் இரு தூதர்களும் அவர்களுடைய செல்வமும் குலைந்து போயிருப்பார்கள். பார்ப்பவர் நடந்து இடம் மாறுவார் என்று நம்பித்தான் ஹோல்பைன் அந்த ஓவியத்தை அமைத்தார். ஏறக்குறைய 500 ஆண்டுகளுக்குப் பிறகும், வருகிறவரின் கால்களைக் கேட்கும் ஓவியமாகவே அது இருக்கிறது.

எல்லா ஓவியங்களிலும் இப்படி ஒரு புதிர் ஒளிந்திருக்காது என்றாலும், தொலைவு மாறும்போது மாறாத ஓவியம் என்று நான் எதையும் கண்டதில்லை. ஜார்ஜ் சூரா தம்முடைய ‘கிராண்ட் ஜாட்’ ஓவியத்தை, ஏறத்தாழ இரண்டு மீட்டருக்கு மூன்று மீட்டர் பரப்பில், சின்னஞ்சிறு வண்ணப் புள்ளிகளால் நிரப்பினார். கிட்டே நின்றால் பச்சைக்குள் ஆரஞ்சும் நீலத்துக்குள் இளஞ்சிவப்பும் தனித்தனியே துடிக்கும்; பின்வாங்கினால் அவை உங்கள் கண்ணுக்குள் கலந்து, வெயில் விழும் புல்வெளியாகும். செல்பேசித் திரையும் நுண்ணிய புள்ளிகளால் ஆனதுதான். ஆனால், அந்தப் புள்ளிகளை அடுக்கியது சூராவின் கை அல்லவே.

என் ஓவியங்களைப் பொறுத்தவரை ஒன்றே ஒன்று. வண்ணத்தைக் கத்தியால் எடுத்துத் தடிமனாக அப்பும் பழக்கம் எனக்கு உண்டு. சில இடங்களில் அது கேன்வாஸிலிருந்து அரைச் சென்டிமீட்டர் வரை எழுந்து நிற்கும். கூடத்தின் விளக்கு மேலிருந்து விழும்போது அந்த மேடுகள் தம் நிழலைத் தாமே கீழே போடுகின்றன. நீங்கள் ஓர் அடி நகர்ந்தால் வண்ணத்தின் மேல் மினுங்கும் ஒளியும் உங்களோடு நகர்கிறது. நீங்கள் திரையில் பெரிதாக்கிப் பார்த்த தூரிகைத் தடம், ஒரு நாளில் ஒரு கோணத்தில் ஒரு விளக்கின் கீழ் எடுத்த நிழற்படம். நான் உங்களை அழைப்பது அந்தப் படத்தில் இல்லாத மற்ற கோணங்களுக்காக.

கேள்வி: நீர்வண்ணக் குழுக்காட்சி ஒன்றுக்கு முன்பு போயிருக்கிறேன். கூடம் மங்கலாக இருந்தது, எனக்கு ஏமாற்றமாக இருந்தது. உங்கள் குழுக்காட்சியிலாவது நல்ல வெளிச்சம் இருக்குமா? – ஓய்வுபெற்ற ஓர் ஆசிரியர்

பதில்: எங்களுடையதும் மங்கலாகத்தான் இருக்கும் ஐயா, காரணத்தைச் சொல்லிவிடுகிறேன். ஒளி வண்ணத்தைத் தின்கிறது. அதிலும் நீர்வண்ணத்தில் நிறமி மெல்லிய படலமாகத் தாளின் மேல் படிந்திருப்பதால், காக்க எண்ணெயோ தடித்த பூச்சோ எதுவும் கிடையாது. ஒளியால் ஏற்படும் கேடு சிறுகச் சிறுகச் சேர்ந்துகொண்டே போகும். வெளிறிய நிறம் பின்னர் இருட்டில் வைத்தாலும் திரும்பாது. அதனால் தாளில் வரைந்த படைப்புகளுக்கு 50 லக்ஸ் (வெளிச்சத்தை அளக்கும் அலகு) அளவிலும், எண்ணெய் வண்ண ஓவியங்களுக்கு 200 லக்ஸ் அளவிலும் ஒளியை நிறுத்திக்கொள்வது அருங்காட்சியகங்களின் நெடுநாள் நடைமுறை. ஜன்னல் வழியே வரும் பகல் வெளிச்சம் இதைப் போலப் பல மடங்கு.

ஆனால், உங்கள் ஏமாற்றத்துக்கு ஒரு மாற்று உண்டு. வெயிலிலிருந்து நேரே உள்ளே வந்தவரின் கண், மங்கிய ஒளிக்குப் பழகச் சில நிமிடங்களாவது ஆகும். அதற்காகவே நுழைவாயிலை அடுத்து ஒரு சிறிய இடைவெளி அமைத்து, அங்கே நாற்காலிகள் போட்டு, ஏழு பேரும் பயன்படுத்தும் தாள்களையும் வண்ணங்களையும் மேசையில் வைக்கப்போகிறோம். அங்கே சிறிது நேரம் உட்கார்ந்துவிட்டு உள்ளே வாருங்கள். அதே 50 லக்ஸில், தாளின் வெண்மை உள்ளிருந்து ஒளிர்வது போலத் தெரியும். நீர்வண்ணக்காரர்கள் வெள்ளை வண்ணம் பூசாமல் தாளையே வெளிச்சமாக விட்டுவைக்கும் அழகு அப்போதுதான் கண்ணில் படும்.

கேள்வி: ஓர் ஓவியத்தின் முன் எவ்வளவு நேரம் நிற்க வேண்டும்? எல்லோரும் நகரும்போது நான் மட்டும் நின்றால் கூச்சமாக இருக்கிறது. – ஒரு வாசகி

பதில்: கணக்கு ஏதும் இல்லை. ஆனால், பெரும்பாலோர் எவ்வளவு நேரம் நிற்கிறார்கள் என்பதை ஆராய்ச்சியாளர்கள் அளந்திருக்கிறார்கள். நியூயார்க்கின் மெட்ரோபாலிடன் அருங்காட்சியகத்தில் நடந்து 2001இல் வெளியான ஆய்வில், புகழ்பெற்ற ஓவியங்களின் முன்னால்கூட மக்கள் நின்ற நேரம் சராசரியாக 27 விநாடிகள். பாதிப் பேர் 17 விநாடிகளுக்குள் நகர்ந்துவிட்டார்கள். பெயர்ப்பலகையைப் படிக்கும் நேரமும் இதற்குள் அடக்கம். இந்தத் தகவலை முதன்முதலில் படித்த அன்று என்னால் தூரிகையைத் தொட முடியவில்லை. எட்டு மாதம் வரைந்த ஓவியத்துக்கு 17 விநாடி என்றால் யாருக்கும் மனம் கனக்கும்.

நான் கைக்கொள்ளும் முறையைச் சொல்கிறேன். முதலில் கூடம் முழுவதையும் நிற்காமல் ஒரு சுற்றுச் சுற்றி வந்துவிடுவேன். அந்தச் சுற்றில் எவை என் கையைப் பிடித்து இழுத்தனவோ அவற்றில் இரண்டையோ மூன்றையோ மட்டும் தேர்ந்துகொண்டு திரும்பிப் போவேன். ஒவ்வொன்றின் முன்னும் பத்து நிமிடம். முதல் இரண்டு நிமிடத்தில் எல்லாம் பார்த்து முடித்துவிட்டதாகத் தோன்றும், கால் நகரப் பார்க்கும். அப்போது நகராமல் இருந்தால், ஓரத்தில் இருக்கும் ஒரு நிறம், யாரும் கவனிக்காத ஒரு கை, முடிக்காமல் விட்ட ஒரு மூலை என்று ஒவ்வொன்றாக முன்னே வரும். பெயர்ப்பலகையைக் கடைசியில்தான் படிப்பேன். தலைப்பைத் தெரிந்துகொண்டால் கண் அந்தத் தலைப்பையே தேடத் தொடங்கிவிடுகிறது. மற்றவற்றைப் பார்க்காமல் வந்துவிட்டோமே என்ற குற்ற உணர்வு உங்களுக்கு வேண்டாம். தனிக்காட்சியில் இருக்கும் 34 ஓவியங்களில் ஒன்றை மட்டும் நீங்கள் முழுதாகப் பார்த்துவிட்டுப் போனாலும், அந்த ஒன்று எனக்குப் போதும். நின்று பார்க்கிறவருக்காகவே ஒவ்வொரு சுவரின் எதிரிலும் ஒரு விசுப்பலகை போடச் சொல்லியிருக்கிறேன்.

கேள்வி: தொடக்க நாளில் வருவதா, வேறு நாளில் வருவதா? – ஒரு வாசகர்

பதில்: ஓவியரையும் ஓவியரின் நண்பர்களையும் சந்திக்க விரும்பினால் தொடக்க நாள், ஓவியத்தைச் சந்திக்க விரும்பினால் வார நாள் ஒன்றின் காலை. தொடக்க நாளைப் பிரெஞ்சுக்காரர்கள் ‘வெர்னிசாஜ்’ என்பார்கள். வார்னிஷ் பூசும் நாள் என்பது அதன் பொருள். கண்காட்சி திறப்பதற்கு முன், சுவரில் மாட்டிய ஓவியத்துக்கு அங்கேயே இறுதிப் பூச்சுக் கொடுக்க ஓவியர்களுக்கு அனுமதி இருந்தது. லண்டன் ராயல் அகாடமியில் 1832இல் அப்படியொரு நாளில், ஜான் கான்ஸ்டபிள் என்ற ஓவியரின் செக்கச்சிவந்த ஓவியத்துக்குப் பக்கத்தில் தம்முடைய சாம்பல் நிறக் கடல் ஓவியம் சோர்ந்து தெரிவதைக் கண்ட டர்னர், கடலின் நடுவே சிவப்பாக ஒரு திட்டு வைத்துவிட்டுப் போனார். பிறகு வந்து அதை ஒரு மிதவையாகத் திருத்தினார். ஒற்றைத் திட்டில் பார்வை முழுதும் அவர் பக்கம் திரும்பிவிட்டது. ஓர் ஓவியத்தின் பக்கத்தில் எந்த ஓவியம் தொங்குகிறது என்பதையும் கவனியுங்கள் என்று சொல்வதற்காக இதை எழுதுகிறேன். எங்கள் குழுக்காட்சியில் யாருக்குப் பக்கத்தில் யார் என்று முடிவு செய்யவே எங்களுக்கு நான்கு கூட்டங்கள் தேவைப்பட்டன.

கேள்வி: ஓர் ஓவியம் பிடிக்கவில்லை என்றாலோ, அதில் தவறு இருப்பதாகத் தோன்றினாலோ, ஓவியரிடம் நேரில் சொல்லலாமா? புண்படுத்திவிடுவோமோ என்று தயக்கம். – ஒரு வாசகர், கட்டட மேற்பார்வையாளர்

பதில்: சொல்லுங்கள். சொன்ன ஒருவரிடம் நான் நடந்துகொண்ட விதத்தை இங்கே எழுதியாக வேண்டும். பல ஆண்டுகளுக்கு முன் ஒரு குழுக்காட்சியில், மாலை வெயிலில் ஒரு படிக்கட்டை வரைந்து வைத்திருந்தேன். ஒருவர் நெடுநேரம் பார்த்துவிட்டு, கைப்பிடிச் சுவரின் நிழல் விழும் பக்கமும் கதவின் நிழல் விழும் பக்கமும் பொருந்தவில்லையே என்றார். ஓவியத்தில் அப்படித்தான் இருக்கும் என்று சுருக்கமாகச் சொல்லி அவரை அனுப்பிவிட்டேன். அன்றிரவு கூடத்தைப் பூட்டுவதற்கு முன் மீண்டும் பார்த்தபோது அவர் சொன்னது முற்றிலும் சரி என்று தெரிந்தது. காலையில் தொடங்கி மாலையில் முடித்த ஓவியம் அது. இரண்டு வேளைகளின் வெயிலையும் அறியாமல் ஒன்றாகக் கலந்திருந்தேன். அவரிடம் மன்னிப்புக் கேட்க எனக்கு வழியில்லாமல் போயிற்று. அந்த ஓவியத்தைத் திருத்தவில்லை. இந்தத் தனிக்காட்சியில் வாசலுக்கு அருகிலேயே அதை மாட்டுகிறேன்.

பார்வையாளரின் கண்ணைக் கூடத்தை நடத்துகிறவர்களே நம்ப வேண்டியிருந்த நிகழ்ச்சியும் உண்டு. நியூயார்க்கின் நவீனக் கலை அருங்காட்சியகத்தில் 1961இல் மத்தீஸின் ‘படகு’ என்ற காகித ஒட்டுப்படம் தலைகீழாக மாட்டப்பட்டு, 47 நாள்கள் அப்படியே தொங்கியது. படகும் நீரில் விழும் அதன் பிம்பமும்தான் அந்தப் படம்; எது படகு, எது பிம்பம் என்பதில் குழப்பம். ஆயிரக்கணக்கானோர் கடந்துபோன அந்தப் பிழையைக் கண்டுபிடித்தவர், பங்குத் தரகராக வேலை பார்த்த ஒரு பார்வையாளர். முதன்மையான, சிக்கலான உருவத்தைக் கீழேயும் எளிய உருவத்தை மேலேயும் மத்தீஸ் வைத்திருக்க மாட்டார் என்பது அவருடைய எளிய எண்ணம். அவர் விடாமல் சொன்னதால் படம் நேராகத் திருப்பப்பட்டது.

பிடிக்கவில்லை என்பதையும் சொல்லலாம். ஆனால், எங்கே பிடிக்காமல் போயிற்று என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். நிறமா, முகமா, அளவா, அல்லது அந்தப் பொருளே உங்களுக்கு வலி தருவதா என்று சொன்னால், வரைந்தவருக்கு அது நாள்கணக்கில் யோசிக்கக் கிடைத்த உணவு. கட்டடங்களை மேற்பார்வையிடுகிறவர் நீங்கள். நிழல் தப்பிய அந்தப் படிக்கட்டை வந்து பாருங்கள். படிகளின் உயரத்திலும் ஏதாவது தவறியிருக்கிறேனா என்று அறிய எனக்கு ஆவல்.

கேள்வி: என் தந்தைக்குப் பார்வை முழுதும் போய்விட்டது. முன்பு அவர்தான் என்னைக் கண்காட்சிகளுக்கு அழைத்துப் போவார். அவரை இப்போது அழைத்து வருவதில் பொருள் உண்டா? – ஒரு வாசகி

பதில்: அவசியம் அழைத்து வாருங்கள் அம்மா. மாட்ரிட் நகரின் பிராடோ அருங்காட்சியகம் 2015இல், தன்னிடமுள்ள ஆறு ஓவியங்களைப் புடைப்பு வடிவில் உருவாக்கி, பார்வையற்றோர் விரலால் தடவிப் பார்க்கும்படி ஒரு கண்காட்சி நடத்தியது. பார்வையுள்ளவர்கள் கண்ணை மறைத்துக்கொண்டு அவற்றைத் தொட்டுப் பார்க்கவும் அங்கே ஏற்பாடு இருந்தது. அதைப் படித்த நாளிலிருந்து எனக்குள் ஓர் உறுத்தல் இருந்தது. என்னிடம் அத்தகைய தொழில்நுட்பம் இல்லை; ஆனால், முன்னர் சொன்னபடி, தடித்த வண்ணம் இருக்கிறது. எனவே தனிக்காட்சிக்காக மூன்று சிறிய பலகைகளைத் தொடுவதற்கென்றே வரைந்திருக்கிறேன். ஒன்றில் மரப்பட்டை, ஒன்றில் அலை, ஒன்றில் என் தாயாரின் முகம். சுவரில் உள்ள மற்ற ஓவியங்களைத் தொடக் கூடாது. விரலில் உள்ள வியர்வையும் எண்ணெய்ப் பசையும் நாளடைவில் வண்ணப் படலத்தைக் கெடுக்கும். இந்த மூன்றும் மட்டும் மேசை மேல், கைக்கு எட்டும் உயரத்தில் இருக்கும்.

இன்னொன்றும் செய்யலாம். நீங்கள் ஓர் ஓவியத்தின் முன் நின்று, அதில் இருப்பதை இடமிருந்து வலமாக, மெதுவாக அவருக்குச் சொல்லுங்கள். நூற்றுக்கணக்கான ஓவியங்களைப் பார்த்த நினைவு அவருக்குள் இருக்கிறது; அவர் கேட்கும் கேள்விகளுக்குப் பதில் சொல்வதற்காக நீங்கள் பார்க்கும் பார்வை, தனியாக வந்து பார்ப்பதைவிடக் கூர்மையாக இருக்கும். நீங்கள் வரும் நாளை ஆசிரியர் குழுவுக்கு எழுதித் தெரிவித்தால், அன்று நானும் உடன் வருகிறேன்.

சக்கர நாற்காலியில் வருவது பற்றி வேறு இருவரும் கேட்டிருக்கிறார்கள். ஓவியத்தின் நடுப்பகுதி தரையிலிருந்து ஏறத்தாழ 145 முதல் 155 சென்டிமீட்டர் உயரத்தில் இருக்கும்படி மாட்டுவது பொது வழக்கம். அது நிற்பவரின் கண்ணுக்கான கணக்கு. சிறிய ஓவியங்கள் உள்ள அறையில் மட்டும் இதை 125 சென்டிமீட்டராகக் குறைத்திருக்கிறேன். நிற்பவர்கள் சற்றுக் குனிந்து பார்க்கட்டும். இரண்டு கூடங்களிலும் சாய்தளம் உண்டு. ஸ்டூடியோவில் ஆறு படிகள் இருக்கின்றன. அவற்றின் மேல் பலகை போட்டுச் சாய்தளம் அமைக்கும் வேலை நடந்துகொண்டிருக்கிறது.

கேள்வி: குழந்தைகளை அழைத்து வரலாமா? – மூன்று வாசகர்கள்

பதில்: வரலாம். கையில் பென்சிலும் தாளும் கொடுத்து அழைத்து வாருங்கள். வரைந்துகொண்டிருக்கும் குழந்தை ஓடுவதில்லை. என்ன தெரிகிறது என்று மட்டும் கேளுங்கள், என்ன புரிகிறது என்று கேட்க வேண்டாம்.

கேள்வி: ஓவியத்தின் பக்கத்தில் சிவப்புப் புள்ளி ஒட்டியிருப்பதைப் பார்த்திருக்கிறேன். வாங்கும் வசதி இல்லாதவர் வெறுமனே பார்த்துவிட்டுப் போவது ஓவியருக்கு வருத்தம் தராதா? – ஒரு வாசகர்

பதில்: அந்தப் புள்ளி, ஓவியம் விற்றுவிட்டது என்பதற்கான அடையாளம். விற்பனையால்தான் அடுத்த ஆண்டுக்கான கேன்வாஸும் வண்ணமும் வருகின்றன என்பதை மறைக்க மாட்டேன். ஆயினும், பார்க்க வருகிறவர்கள் எல்லோரும் வாங்க வேண்டும் என்று எந்த ஓவியரும் எதிர்பார்ப்பதில்லை. வான்கோ இறந்த 1890ஆம் ஆண்டின் தொடக்கத்தில், பிரஸ்ஸெல்ஸில் ஒரு குழுக்காட்சியில் அவருடைய ‘சிவப்புத் திராட்சைத் தோட்டம்’ விற்றது. வாங்கியவர் அன்னா போக் என்ற ஓவியர். அதே குழுவைச் சேர்ந்தவர். அந்தக் கண்காட்சியைப் பார்த்த மற்றவர்களோ வாங்காமலே வான்கோவின் நிறங்களைக் கண்ணில் ஏற்றிக்கொண்டு போனார்கள். நீங்கள் வீட்டுக்குப் போய் ஓர் ஓவியத்தை யாரிடமாவது விவரித்துச் சொன்னீர்கள் என்று தெரிந்தால், அது எனக்குப் பெருமகிழ்ச்சி. நிழற்படமும் எடுக்கலாம், ஃபிளாஷ் மட்டும் வேண்டாம்.

கேள்வி: முப்பது ஆண்டுகளாக வரைகிறேன். எல்லாம் அலமாரியில் இருக்கின்றன. வீட்டில் இருப்பவர்களைத் தவிர யாரும் பார்த்ததில்லை. உங்கள் அழைப்பைப் பார்த்ததும், நானும் மக்களை அழைக்கலாமா என்று தோன்றியது. மறுநொடியே, யார் வரப்போகிறார்கள் என்றும் தோன்றியது. – பெயர் வெளியிட விரும்பாத ஒரு வாசகி

பதில்: உங்கள் கடிதத்தை மூன்று முறை படித்தேன். மற்ற எல்லாக் கேள்விகளுக்கும் பதில் எழுதிய பிறகும் இதற்கு எழுத எனக்குச் சில நாள்கள் பிடித்தன.

சுவீடனில் ஹில்மா ஆஃப் கிளிண்ட் என்ற ஓவியர் இருந்தார். 1906இலிருந்தே, உருவங்களை விட்டு விலகி, பெரும் வட்டங்களும் சுருள்களும் இதழ்களுமாக வரைந்தார். அவற்றில் சில மூன்று மீட்டர் உயரமுள்ளவை. தம் காலத்தவர்க்கு அவை புரியாது என்று கருதி, தாம் இறந்து 20 ஆண்டுகள் ஆகும் வரை அவற்றைக் காட்சிக்கு வைக்கக் கூடாது என்று கேட்டுக்கொண்டு, ஆயிரத்துக்கும் மேற்பட்ட படைப்புகளைத் தம் சகோதரரின் மகனிடம் விட்டு 1944இல் மறைந்தார். 1986இல் லாஸ் ஏஞ்சலஸில் நடந்த ஒரு கண்காட்சியில்தான் அவை வெளியுலகின் கண்ணில் பட்டன. 2018 அக்டோபரில் நியூயார்க்கின் கூகன்ஹைம் அருங்காட்சியகத்தில் தொடங்கிய அவருடைய தனிக்காட்சிக்கு 6 லட்சத்துக்கும் மேற்பட்டோர் வந்தார்கள். அந்த அருங்காட்சியகத்தின் வரலாற்றில் அதுவரை எந்தக் கண்காட்சிக்கும் அத்தனை பேர் வந்ததில்லை. இந்தக் கதையைப் பலரும் நம்பிக்கை தரும் கதையாகச் சொல்கிறார்கள். எனக்கு அதில் பெரும் துயரமும் தெரிகிறது. அத்தனை பேரில் ஒருவர்கூட அவரிடம் போய், அந்த மஞ்சள் எப்படி வந்தது என்று கேட்க முடியவில்லை.

யார் வருவார்கள் என்ற கேள்விக்கு என்னிடம் உள்ள நேர்மையான பதில், முதலில் சிலர்தாம் என்பதே. 1874 ஏப்ரல் 15 அன்று பாரிஸில், நடார் என்ற நிழற்படக்காரரின் பழைய ஸ்டூடியோவில், மோனே, ரெனுவார், டெகா, பிஸாரோ, பெர்த் மொரிஸோ, செஸான் உள்ளிட்ட சுமார் 30 பேர் தாமே சேர்ந்து ஒரு கண்காட்சி திறந்தார்கள். அரசின் தேர்வுக் குழுவுக்கு முன் நிற்காமல், நேராக மக்களை அழைப்பது அவர்கள் நோக்கம். ஒரு மாதத்தில் வந்தவர்கள் சுமார் 3,500 பேர். வந்தவர்களில் பலர் சிரித்தார்கள். ‘இம்ப்ரெஷன்’ (மனப்பதிவு) என்று தொடங்கும் மோனேயின் ஓவியத் தலைப்பைப் பிடித்துக்கொண்டு ஒரு விமரிசகர் ‘இம்ப்ரெஷனிஸ்டுகள்’ என்று கேலிப்பெயர் வைத்தார். ஆனால், அவர்கள் செய்த இரண்டு காரியங்களை நான் ஒவ்வொரு முறையும் பின்பற்றுகிறேன். அரசுக் கண்காட்சியில் தரையிலிருந்து கூரை வரை ஓவியங்கள் நெருக்கி மாட்டப்பட்டிருந்த காலத்தில், அவர்கள் இரண்டு வரிசைக்கு மேல் மாட்டவில்லை. பகலில் வேலைக்குப் போகிறவர்களும் வரவேண்டும் என்று இரவு எட்டு மணி முதல் பத்து மணி வரையும் கூடத்தைத் திறந்துவைத்தார்கள். மக்களை அழைக்கிறோம் என்றால், அவர்கள் வரக்கூடிய நேரத்தில் கதவு திறந்திருக்க வேண்டும் அல்லவா?

நீங்கள் தொடங்குவதாக இருந்தால், முப்பது ஆண்டுகளையும் ஒரே நாளில் காட்ட வேண்டாம். அலமாரியில் இருப்பவற்றைத் தரையில் பரப்பி, ஒரு வாரம் அவற்றுக்கு நடுவே நடந்து, ஒன்றோடொன்று பேசுகிற பத்தை மட்டும் எடுங்கள். தாளில் வரைந்தவையாக இருந்தால், அமிலமற்ற அட்டையை இடையில் வைத்துச் சட்டமிடுங்கள்; கண்ணாடி ஓவியத்தைத் தொடக் கூடாது. பெரிய கூடம் தேவையில்லை, நூலகத்தின் ஒரு சுவர் போதும். அழைப்பிதழில் உங்களைப் புகழும் வரிகள் வேண்டாம். என்ன வரைந்திருக்கிறீர்கள், எங்கே, எந்த நாள் வரை, எத்தனை மணி வரை என்பதோடு, நீங்கள் எந்த நேரத்தில் அங்கே இருப்பீர்கள் என்பதையும் எழுதுங்கள். முன்பின் தெரியாதவர்கள் துணிந்து வருவது அந்தக் கடைசி வரியைப் பார்த்துத்தான் என்பதை நான் பல முறை கண்டிருக்கிறேன். முதல் நாள் நான்கு பேர் வருவார்கள். நால்வரில் ஒருவர் ஏதோ ஓர் ஓவியத்தின் முன் நகராமல் நிற்பார். அப்போது அவருக்குப் பின்னால் சற்றுத் தள்ளி நின்று, எந்த இடத்தைப் பார்க்கிறார் என்று கவனியுங்கள்.

அதற்கு முன், ஸ்டூடியோ திறந்திருக்கும் இரண்டு நாள்களில் ஒன்றில் நீங்கள் வர வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். இரண்டாம் நாள் மாலையில் கூட்டம் குறைவாக இருக்கும். வடக்கு ஜன்னலுக்குக் கீழே ஒரு நீண்ட மேசை இருக்கிறது. அன்று அதன் மேல் என்னுடையது எதையும் வைக்க மாட்டேன். அலமாரியிலிருந்து மூன்றையோ நான்கையோ எடுத்து வாருங்கள்.